எந்த மருந்து?

இன்று காலை பண்டமாரானில், களைக்கொல்லிக் கழிவு ஏற்றும் லோரிக்காரர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி. செய்தி எடுக்கப் போயிருந்தேன்.

பயிற்றுநர் ‘நச்சுத் திரவம்’ என்று சொல்லிச் சொல்லிக் களைத்தார். யாருக்கும் பிடிபடவில்லை.

“டிரம்ல இருக்கிற மருந்தைச் சொல்றார்லா,” என்றார் ஓட்டுநர் முனியாண்டி. எல்லோரும் தலையாட்டினார்கள்.

“அந்த மருந்தை யாராவது வீட்டுக்குக் கொண்டு போறீங்களா?” என்று பயிற்றுநர் கேட்டார்.

“புல்லுக்கு அடிக்க ஒரு போத்தல்தான், சார்,” என்றார் முனியாண்டி.

“எங்க வெச்சிருக்கீங்க, அண்ணே?” என்றார் பயிற்றுநர்.

“அடுப்படி அலமாரில. பிள்ளையோட இருமல் மருந்துக்குப் பக்கத்துல...”

சொல்லி முடிக்குமுன் அவரே எழுந்து போய் அலுவலகத் தொலைபேசியை எடுத்தார்.

“லெட்சுமி, அலமாரில இருக்கிற மருந்தைத் தொடாதே.”

அவர் மனைவியின் குரல் எங்களுக்கும் கேட்டது. “எந்த மருந்து?”

முனியாண்டி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

“விஷம்லா,” என்றார் கடைசியில். “புல்லுக்கு அடிக்கிற விஷம்.”

“விஷத்தையா இத்தனை நாளா மருந்துன்னு சொன்னீங்க?”

பயிற்றுநர் புத்தகத்தை மூடிவிட்டார். மிச்ச வகுப்பை லெட்சுமி தொலைபேசியிலேயே நடத்தினார். முனியாண்டி நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

உங்கள் வீட்டு அலமாரியில் அதற்கு என்ன பெயர்?