ஆறாவது டார்ச்

பல்பு கம்பெனியில் பதினோரு வருஷம் சோதனை மேஜையில் உட்கார்ந்தவள் அவள். எரிந்தால் வலது கூடை, எரியாவிட்டால் இடது கூடை. ஒரு நாள் காலையில் போனால் கதவில் பூட்டு. கம்பெனியே இடது கூடையில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டிலேயே சின்னச் சின்ன டார்ச் செய்ய ஆரம்பித்தாள். புருஷன் 'மின்மினி' என்று கூப்பிட்டான். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது.

மின்மினி பயந்த சுபாவம். இருட்டு பயம், காவலாளி பயம், எங்கேயாவது கையெழுத்துப் போடச் சொன்னால் அதுவும் பயம். "இவ தன் நிழலப் பாத்தாலே எழுந்து நின்னு வணக்கம் வைப்பா" என்று புருஷன் கேலி பேசுவான்.

அவனுக்கு வேலை பூமிக்கடியில். ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாயை வருஷத்துக்கு ஒரு முறை நிறுத்தி, உள்ளே குனிந்து நடந்து வண்டலைச் சுரண்டும் ஐந்து பேரில் ஒருவன். காண்டிராக்டர் கொடுத்தது ஆளுக்கொரு மண்வெட்டி. விளக்கு கேட்டார்கள். "குழாய் நேராத்தானே போகுது, விளக்கு எதுக்கு" என்று பதில் வந்தது. குழாய் நேராகப் போகவில்லை. நடுவழியில் மூன்றாகப் பிரிகிறது. ஒன்றுதான் வெளியே வரும். மற்ற இரண்டும் போய்ச் சுவரில் முட்டும். அந்தக் காண்டிராக்டர் ஒரு நாளும் உள்ளே இறங்கியவர் இல்லை.

ஆக, ஐந்து பேருக்கும் விளக்கு மின்மினியின் கையால்தான்.

"போன தடவ வெளிச்சம் பத்தல. என் கையே எனக்குத் தெரியல" என்றான் புருஷன்.

"ரெசிஸ்டர் இருந்தா அவ்வளவுதாங்க வரும்."

"அது இல்லாம போட்டுப் பாரேன்."

கரண்டுக்குக் கடிவாளம் போடுவதுதான் அந்த அரிசி அளவு சாமான். அவளுக்கும் அதில் ஒரு சந்தேகம் இருந்தது. வெள்ளை எல்.இ.டி. ஒவ்வொன்றையும் அவள் சோதிப்பது சட்டைப் பொத்தான் அளவு செல் ஒன்றில், ரெசிஸ்டர் இல்லாமல். கால் இரண்டையும் செல்லின் இரு பக்கமும் கவ்வவிட்டால் எரியும். ஒன்றை அப்படியே மறந்து வைத்தபோது இரண்டு நாள் எரிந்தது, ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ரெசிஸ்டர் எதற்கு? எடுத்துவிட்டாள். புதுப் பாக்கெட்டில் ஆறு எல்.இ.டி.யை அதே செல்லில் தொட்டுப் பார்த்து, ஆறு டார்ச் செய்து, மூன்று மூன்று பேட்டரி போட்டாள். அறையே பகலாகிவிட்டது. ஐந்து நிமிஷம் எரியவிட்டுப் பார்த்தாள். ஆறும் வலது கூடை.

ஆறாவது எதற்கென்றால், அவளுக்கு ஒரு வழக்கம். அவன் ராத்திரி பத்து மணிக்குக் குழாயில் இறங்கும்போது அதே மாதிரி டார்ச் ஒன்றை ஜன்னலில் எரியவிடுவாள். அவன் திரும்பி வந்து தன் கையால் அணைக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

அன்றைக்கும் பத்து மணிக்கு ஏற்றினாள். பாத்திரம் துலக்கிவிட்டு வந்தபோது வெளிச்சத்தில் ஒரு நீலம். கண்தான் சரியில்லை என்று துடைத்துக்கொண்டாள். பத்தரைக்கு நல்ல நீலம். டார்ச்சைத் தொட்டால் சுட்டது. பத்தே முக்காலுக்கு ஊசிமுனை அளவு ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

பேட்டரியை மாற்றினாள். அந்தப் புள்ளி பெரிதாகவில்லை.

அப்போதுதான் உறைத்தது. பொத்தான் செல் ஒரு நோஞ்சான். அதனிடம் கொடுக்கவே கரண்டு கிடையாது, அந்த நோஞ்சான்தனம்தான் கடிவாளம். மூன்று பேட்டரி அப்படியில்லை. அவள் எல்.இ.டி.யை உயிரோடு வறுத்திருக்கிறாள். ஒன்றையல்ல, ஆறையும்.

பன்னிரண்டு மணிக்கு வால்வைத் திறந்து குழாயில் தண்ணீர் விடுவார்கள்.

பம்ப் ஹவுஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது. உள்ளே வால்வுக்காரர் மட்டும். சுவரில் ஐந்து ஆணி, ஐந்து சட்டை.

"அண்ணே, தண்ணி திறக்காதீங்க. உள்ள வெளிச்சம் போயிருக்கும்."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நீ உள்ள போனியா?"

"நான் செஞ்ச டார்ச்சுண்ணே." கையோடு கொண்டுவந்த ஜன்னல் டார்ச்சின் நீலப் புள்ளியைக் காட்டினாள்.

"ஒண்ணு கெட்டா அஞ்சும் கெடுமா?"

"ஒரே பாக்கெட்டு. ஒரே தப்பு."

அவர் சட்டைகளைப் பார்த்தார். "பதினொண்ணரைக்கே வந்திருக்கணும்தான். ஆனா எனக்குப் பன்னெண்டுன்னா பன்னெண்டு. ஆபீஸ்ல டூட்டி ஆளு இருப்பாரு, எழுதி வாங்கிட்டு வா."

ஆபீஸ் ஊரின் அந்தக் கோடியில். மின்மினி வால்வுச் சக்கரத்தைப் பார்த்தாள். போய் அதன் மேல் கவிழ்ந்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"எந்திரிம்மா. என் வேலைக்கு உலை வைக்காத."

"முடியலண்ணே. காலு வரல."

பொய் இல்லை. பயத்தில் கால் மரத்துப்போயிருந்தது.

அவர் ஆபீஸுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பன்னிரண்டு ஆயிற்று. சக்கரத்தையும் அதன்மேல் நடுங்கும் முதுகையும் பார்த்தார். அப்புறம் ஸ்பானரை எடுத்துக்கொண்டு குழாய் வாய்க்குப் போய், இரும்பில் அடிக்க ஆரம்பித்தார். ணங். ணங். ணங். நிறுத்திக் காது கொடுத்தார். மறுபடி அடித்தார்.

உள்ளிருந்து மண்வெட்டிச் சத்தம் பதில் சொன்னது.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு முதல் ஆள் தலை தெரிந்தது. ஒருவன் இடுப்பை ஒருவன் பிடித்தபடி வந்தார்கள். ஐந்தாவதாக அவள் புருஷன்.

"மூணாவது கிளையில போய் முட்டிட்டு நின்னோம்" என்றான். "எந்தப் பக்கம் வந்தோம்னே தெரியல. சத்தம் கேட்டுத்தான் திரும்பினோம்."

அவள் இன்னும் சக்கரத்தை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுத்தான்.

"ரெசிஸ்டர எடுத்துட்டேங்க. அதான்."

"கேட்டவன் நான்."

"இனிமே மூணு பேட்டரியில, மூணு மணி நேரம் எரியவிட்டுப் பாத்துட்டுத்தான் தருவேன். அது வரைக்கும் யாரும் இறங்கக்கூடாது."

"காண்டிராக்டர்கிட்ட யார் சொல்றது?"

"நான்தான்."

"சொல்லுவா. பயத்துலயே சொல்லிடுவா" என்றார் வால்வுக்காரர், சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே.

ஜன்னல் டார்ச் தரையில் கிடந்தது. புள்ளியும் போய்விட்டது. புருஷன் அதை எடுத்து, சேறு ஒட்டிய கட்டைவிரலால் சுவிட்சை அணைத்தான்.