தகட்டின் குறுக்கே ஒரு கோடு

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் இருந்தவர் ஓர் ஆங்கிலேயர். செம்புத் தகட்டில் ஊர்க்காட்சிகளை வெட்டி, வெட்டின கோடுகளுக்குள் மை நிரப்பி, தாளில் அச்செடுப்பது அவருடைய தொழில். பையனாக இருந்தபோது கடல் வரைபடம் வெட்டுகிற இடத்தில் பழகினாராம். பிறகு கடலை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார். தென் லண்டனில் அவர் வெட்டாத ரயில் நிலையம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. இடித்துப்போட்ட எத்தனையோ கட்டடங்கள் இப்போது அவருடைய படங்களில் மட்டும்தான் நிற்கின்றன.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் ஆங்கிலம் பஸ்ஸுக்கும் கடைக்கும் மட்டுமே காணும். ஆனாலும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அவர் சொன்னவற்றை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அவை அப்படித்தான் கிடக்கின்றன. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட நான் விடவில்லை, அதனால் ‘மேடம்’ என்பார். நான் அவரை ‘ஐயா’ என்பேன். அது என்ன சொல் என்று ஒருநாளும் கேட்கவில்லை, மரியாதை என்று விளங்கியிருக்க வேண்டும்.

என் கணவர் காலமான பிறகு ஒரு கோடையில், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். எங்கள் மேல்மாடிப் பின்னறை ஜன்னலில் இருந்து பார்த்தால் தோட்டங்களின் பின்புறம், ரயில் பாதை, வீட்டுக்கூரைகள், அவற்றுக்கு அப்பால் குரோய்டன் கோபுரக் கட்டடங்கள் எல்லாம் தெரியும். அதை வரைய அனுமதி கேட்டு வந்திருந்தார். படுக்கையறைக்குள் ஓர் ஆம்பிளையை விடுவதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் விட்டேன். கீழே கொடியில் என் உடுப்புகள் காய்ந்தன.

“உள்பாவாடை படத்திலை வரப்படாது,” என்றேன்.

“வராது, மேடம். சீலை மட்டும்தான்.”

வரைந்து முடிந்ததும் அவருடைய வீட்டில் வெட்டுகிற வேலை தொடங்கியது. தகட்டில் எல்லாம் இடம் வலம் மாறி இருந்தால்தான் தாளில் நேராக வரும். அதற்காக வரைந்த படத்தைக் கண்ணாடியில் பார்த்து வெட்டுவார். நிறுத்தி வைக்கிற கண்ணாடியில் வெளிச்சம் சரியாக விழுவதில்லை என்றார். நான் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொண்டேன். மணல் அடைத்த தோல் மெத்தைக்கு மேல் தகடு கிடக்கும். உளி பிடித்த வலக்கை அசையாது. இடக்கைதான் தகட்டைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும். தேங்காய்ப்பூவைப் போலச் செம்புச் சுருள் எழும்பி விழும்.

மோர்டனில் இருக்கிற என் மகள் போனில் சண்டை பிடித்தாள். “அம்மா, அந்த மனிசனுக்கு நீங்கள் ஏன் எடுபிடி வேலை பாக்கிறியள்?”

“எடுபிடி இல்லையடி. கண்ணாடி பிடிக்கிறன். அந்தாள் என்னட்டைக் கேட்டு வந்தவர்.”

பனிக்காலம் வந்தபோது அவருக்குக் கண் போகத் தொடங்கியிருந்தது. நடுவில் ஒரு புகை, ஓரத்தில்தான் தெரிகிறது என்றார். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். போட்ட ஊசி பிடிக்கவில்லை. தேத்தண்ணீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். அவருடைய அண்ணன் மகள் பிரைட்டனில் இருந்து வந்து பார்த்துவிட்டு, இனித் தனியாக இருக்க ஏலாது, தன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் எடுத்தாயிற்று என்றாள். அச்சு யந்திரத்தையும் தகடுகளையும் ஒரு கடைக்காரர் மொத்தமாக வாங்கிக்கொள்வாராம். சனிக்கிழமை சாமான் ஏற்ற வான் வரும்.

அதன் பிறகு அவருக்கு ஒரே நினைப்புத்தான். இந்தத் தகடு முடிய வேண்டும். நல்லபடியாக முடிய வேண்டும். தன் கடைசி வேலை இது என்று அவருக்குத் தெரியும். பெருவிரலால் முதல் கோட்டைத் தடவிப் பார்த்து அதன் பக்கத்தில் அடுத்த கோட்டை வெட்டினார். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பிடிப்பதை விட்டால் அவரும் உளியைக் கீழே வைத்துவிடுவார் என்று பயம்.

வெள்ளிக்கிழமை அச்செடுத்தோம். தகட்டைச் சூடாக்கி மை பூசினார். துணியால் துடைத்துவிட்டு, கடைசியாக உள்ளங்கையால் மெதுவாக வழித்தெடுத்தார். ஈரத்தாளைப் பரப்பி, மேலே கம்பளி போட்டு, யந்திரத்தின் பெரிய சில்லை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துச் சுற்றினோம்.

“தாளைத் தூக்குங்கோ,” என்றார்.

தூக்கினேன்.

வலப்பக்கம், கண் நல்லாக இருந்தபோது வெட்டினது. கூரையில் ஒவ்வோர் ஓடும் தெரிந்தது. கொடியில் என் சீலை காற்றில் உப்பிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. இடப்பக்கம் போனேன். ஒரு கோபுரம் இரண்டாக நின்றது. வானத்துக் கோடுகள் வீடுகளுக்குள் இறங்கிக் கரிபிடித்துப்போய்க் கிடந்தன.

“எப்பிடி?”

தாளை மேசையில் விரித்தேன்.

“மேடம், ஒருத்தரும் எனக்கு உண்மை சொல்லினமில்லை. நீங்களாவது சொல்லுங்கோ.”

“ரயில் வீட்டுக்கூரைக்கு மேலாலை போகுது, ஐயா.”

“அதுக்குக் கவுன்சில் அனுமதி தராதே,” என்றார். சிரித்தார். பிறகு விரல் நுனியை மெல்லத் தாளில் வைத்தார். இந்த அச்சில் மை தாளுக்கு மேலே எழும்பி நிற்கும். கோடு கோடாகத் தடவிக்கொண்டு போன விரல் கோபுரத்துக்கு வந்து நின்றது. திரும்பப் போய், திரும்பவும் அதே இடத்துக்கு வந்தது. கதிரையைத் தேடி அதில் உட்கார்ந்துவிட்டார்.

“இதைத் திருத்த ஏலாதோ?” என்று கேட்டேன்.

“ஏலும். சுரண்டி, மினுக்கி, பின்னாலை தட்டிச் சமப்படுத்திப்போட்டுத் திரும்ப வெட்டலாம்.”

“அப்ப செய்வம். நான் கண்ணாடி பிடிக்கிறன்.”

“பாக்கிறதுக்குக் கண் வேணுமே, மேடம்.”

அவர் மேசையைக் கையால் துழாவினார். எழும்பி உளியை எடுத்தார். இனி அச்செடுக்கக் கூடாது என்றால் தகட்டின் குறுக்கே ஒரு கோடு வெட்டிவிடுவது அவர்களுடைய வழக்கம். அதற்குப் பிறகு யார் எடுத்தாலும் படத்தோடு கோடும் சேர்ந்து வரும். வெட்டாமல் விட்டால் கடைக்காரன் இதை அச்செடுத்து, இவருடைய கடைசி வேலை என்று இவர் பேரைப் போட்டு விற்பான் என்றார்.

உளியை வைத்துத் தள்ளினார். அது வழுக்கி மேசையில் குத்தியது. மறுபடி தள்ளினார். மறுபடியும் மேசை.

“விடுங்கோ ஐயா. நல்ல பக்கம் கிடக்கு. என்ரை சீலை கிடக்கு. தகட்டிலை அந்தப் பாதியை மட்டும் அறுத்து எடுத்து வைக்கலாம்.”

“பாதியை வெட்டி ஒளிக்க நான் களவெடுத்த மனிசனோ? முழுத் தகட்டுக்கும்தான் என்ரை பேர்.”

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அவருடைய கண்மேல் கோபம், கடவுள்மேலும் கோபம். அந்த ஜன்னல் காட்சியை அதற்கு முன் ஒருவரும் படமாக்கியது இல்லை, இனியும் ஆக்கப்போவதில்லை. ஆனால் அவர் சொன்னது எனக்கு விளங்கியது. கிழிந்ததை உடுத்துக்கொண்டு நானும் ஒருநாளும் வெளியே இறங்கியவள் இல்லை.

அவருடைய கைக்கு மேல் என் கையை வைத்தேன். ஏடு தொடக்குகிற அன்று பிள்ளையின் கையைப் பிடித்து அரிசியில் எழுதுவிப்பதுபோல் பிடித்தேன். பழுதான மூலையில் உளியை வைத்தோம். நான் நினைத்ததைவிடச் செம்பு இறுக்கம். இரண்டு கோபுரங்களையும் கடந்து, ரயில் பாதையைக் கடந்து, ஓடுகளுக்கு மேலாகக் கோடு போனது.

“போகுதோ?”

“ஓம், போகுது.”

சீலைக்கு முன்னால் என் கை ஒருமுறை நின்றது. அவர் நிற்கவில்லை.

மறுநாள் வான் வந்தது. அண்ணன் மகள் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “ஐயோ, இந்தப் பக்கம் எவ்வளவு வடிவாய் இருந்திருக்கு. இதை ஆர் பழுதாக்கினது?” என்று என்னைப் பார்த்தாள்.

“நான்,” என்றார் அவர், கோட்டுப் பொத்தானைத் தேடிக்கொண்டு.

அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவர்தான் வெட்டினவர்,” என்றேன். “அது அவரின்ரை வேலை.”