கழுத்தைக் குறைத்துக் கொடுத்த தங்கை

டயர் கடைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. அதில் வருஷத்துக்கு ஆறு பூசூகி செய்வாள் அவள். ஏழாவது கேட்டால், "அடுத்த வருஷம் வாங்க" என்பாள், கெஞ்சினாலும் அதுதான். கையில் எப்போதும் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கும் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் பெயர் 'ஸ்கேல்'. அண்ணனுக்கு மட்டும் பாப்பா. நாற்பத்தேழு வயதுப் பாப்பா.

பூசூகி என்பது நீண்ட கழுத்தும், இரண்டிரண்டாக நாலு ஜோடிக் கம்பியும் உள்ள வாத்தியம். வழக்கமாக அதன் முதுகு பாதிப் பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும். அண்ணனுக்குத் தொப்பை போட்ட வருஷம் அது மடியில் நிற்காமல் வழுக்க ஆரம்பித்தது. "உன் வயித்துக்கு எதிர்ல இன்னொரு வயிறு எப்படிண்ணா உக்காரும்?" என்று சொல்லிவிட்டு, கிடாரின் தட்டை உடம்பில் பூசூகியின் கழுத்தை வைத்துச் செய்து கொடுத்தாள். அது பூனை மாதிரி மடியில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து அவள் செய்வதெல்லாம் கிடார் உடம்புதான்.

இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீட்டில் ஆளுக்கு ஓர் அறை. அண்ணன், துறைமுகத்துக்குப் பக்கத்து ஓட்டலில் ஓர் அக்கார்டியன்காரரோடு சேர்ந்து வாரம் நாலு சாயங்காலம் வாசிப்பார். அந்த முதல் வாத்தியத்தில் கம்பி அதிர்கிற நீளம் அறுநூற்று அறுபது மில்லிமீட்டர். ஒன்பது வருஷம் அதில் குறையே சொல்லாமல் வாசித்தவர், ஒருநாள் மத்தியானம் பட்டறைக்கு வந்து நின்றார்.

"பாப்பா, கழுத்து நீளமாயிடுச்சு."

"மரம் வளருமாண்ணா?"

"சுண்டுவிரல் எட்ட மாட்டேங்குதே."

வேறு யாராவதாக இருந்திருந்தால் விரலைப் பார்த்திருப்பார்கள். அவளுக்குத் தெரிந்தது மரம். ஸ்கேலை எடுத்துக் கழுத்தை அளந்தாள்.

ஏழு வாரத்தில் இன்னொன்று தயாரானது. நீளம் அறுநூற்று முப்பது. நீளம் குறைந்தால் விரலுக்கு எல்லாம் கிட்டே வந்துவிடும். ஆனால் அதே சுருதிக்கு அதே கம்பியைக் கட்டினால் தொளதொளக்கும். அதனால் கொஞ்சம் தடித்த கம்பி போட்டாள். ஓட்டலில் முதல் நாள் வாசித்துவிட்டு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். "பழைய வேகம் வந்துடுச்சு பாப்பா! நீ கெட்டிக்காரி!" அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

ஏழு மாதம் கழித்து மறுபடியும் எட்டவில்லை. அறுநூற்று ஐந்துக்கு இறக்கினாள். அதற்கு ஏற்ற தடித்த கம்பியை அவரால் அழுத்த முடியவில்லை. மெல்லிய கம்பி போட்டால் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளில் அடித்து 'ஞீ' என்று இரைந்தது. எஃகு, வெண்கலம் சுற்றியது, நிக்கல் சுற்றியது என்று மூன்று வாரத்தில் பதினாலு செட் மாற்றிப் பார்த்தாள். கடைசியில் ஏதோ ஒன்று சுமாராக ஒத்துவந்தது. சில மாதம் ஓடியது.

அப்போதுதான் அக்கார்டியன்காரர் பட்டறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"தப்பா நினைக்காதம்மா. கோளாறு கழுத்துல இல்ல. கையில."

"உங்க அக்கார்டியன் பெட்டியை நீங்க பாருங்க. என் வாத்தியத்தை நான் பாத்துக்கறேன்."

அவர் வந்த வழியே போய்விட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அன்று காலையில்தான் அண்ணன் வலது மணிக்கட்டை அவள் முன் நீட்டியிருந்தார். சட்டைக் கையின் பொத்தானை இடது கையால் போட அவருக்கு வரவில்லை. அவள் போட்டுவிட்டாள். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அது முதல் தடவையும் இல்லை.

கேட்பதைவிட மரத்தை அறுப்பது சுலபமாக இருந்தது. ஐந்நூற்று எண்பதுக்கு ஒரு கழுத்தை அறுத்தாள்.

பெரிய உடம்பும் குட்டைக் கழுத்துமாக அது பார்க்கவே என்னவோ போலிருந்தது. ஓட்டலில் அதை அவர் வாசித்த அன்று அவளும் போயிருந்தாள். இரண்டாவது பாட்டின் நடுவில் அவருடைய சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கைப் பக்கம் மடிந்து நின்றுவிட்டன. வாசிப்பதை நிறுத்தி, யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பது போலத் தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கார்டியன்காரர் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாட்டைத் தனியாக முடித்தார்.

மறுநாள் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் அவருடைய இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பார்த்தார். சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்தது. கூடவே இருந்த அவள் கண்ணுக்கு அது படவே இல்லை.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றார் அண்ணன்.

"இல்ல டாக்டர். ஒன்றரை வருஷம்" என்றாள் அவள்.

டாக்டர் பேனாவை வைத்தார். "முழங்கைகிட்ட நரம்பு நசுங்கியிருக்கு. முதல்லயே வந்திருந்தா சின்ன ஆபரேஷன்தான். இப்பவும் பண்ணலாம், வலி குறையும், மரத்துப்போறது குறையும். பலம் திரும்பாது." பிறகு ஆச்சரியத்தோடு கேட்டார்: "இந்தக் கையை வச்சுக்கிட்டு இத்தனை நாள் எப்படி வாசிச்சீங்க?"

அண்ணனின் முகம் மலர்ந்தது. "என் தங்கச்சி டாக்டர். எனக்கு ஏத்த மாதிரி பண்ணிப் பண்ணிக் கொடுத்தா."

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நடந்தது. டாக்டர் சொன்னபடியே வலி குறைந்தது, பலம் திரும்பவில்லை. ஓட்டலில் வேறொருவர் வாசிக்க வந்தார். அண்ணன் இரண்டு தடவை கேட்கப் போனார். மூன்றாவது தடவை செருப்பை மாட்டி, பிறகு கழற்றிவிட்டார்.

அவள் பட்டறையை மூடவில்லை. ஒப்புக்கொண்ட வேலைகள் இருந்தன. ஒருநாள் புதிதாக வந்த ஒருவர், "கொஞ்சம் நீளம் குறைச்சுப் பண்ணிக் கொடுங்க, விரல் எட்டல" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்தாள். அழுத்தினாள், விரல்களை விரித்தாள், மடக்கினாள். "முதல்ல டாக்டரைப் பாருங்க! இன்னிக்கே போங்க!" என்று கத்தினாள். அந்தக் கைக்கு ஒன்றுமில்லை. பிறவியிலேயே சின்னக் கை. மனிதர் மிரண்டு போனார். திரும்பி வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஆரஞ்சுப் பழத்தை வலது கையில் வைத்துக்கொண்டு பல்லால் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன இருந்தாலும் ஒன்றரை வருஷம் கூடுதலா வாசிச்சுட்டேன்ல பாப்பா" என்றார்.

"அண்ணா, என்னை ஒரு தடவையாவது திட்டேன்."

அவர் தோலைத் துப்பிவிட்டு அவளைப் பார்த்தார்.

"உன்னையா? எதுக்கு?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.