சமாதானம் அக்காவும் மேயரின் வாதமும்

நுழைவுத் தேர்வுப் புத்தகத்தில் ஒரு கேள்வியைப் பாதி படிப்பதற்குள்ளேயே அக்காவின் தலை ஆமாம் ஆமாம் என்று ஆடத் தொடங்கிவிடும். கேட்டிருப்பதோ, கீழ்க்கண்டவற்றுள் எது இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது என்று. அதற்குள் அக்கா அந்த வாதத்தோடு கைகோத்துக்கொண்டு அடுத்த தெருவரை போயிருப்பார்.

வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் சேவை மையத்தில் புகார் வாங்கும் மேசை அவருடையது. எதிரே நின்று கத்துகிறவர்களிடம், "நீங்க சொல்றது நியாயம்தான்" என்று சொல்வதற்குத்தான் சம்பளம். சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு துவைத்துவிட்டு, மெஷின் காரணமே இல்லாமல் சத்தம் போடுகிறது என்று வந்தவருக்கும் நியாயம்தான். சண்டை பிடிக்க வந்தவர்கள் பிள்ளைகளின் படிப்புவரை பேசிவிட்டுப் போவார்கள். அங்கே அவருக்குச் 'சமாதானம்' என்றே பெயர். சமாதானம் அக்கா லீவு போட்டால் வாசலுக்குக் கூடுதலாக ஒரு காவலாளி தேவைப்படுகிறார்.

இத்தனை நல்ல குணத்துக்கும் அந்தத் தேர்வில் மதிப்பெண் கிடையாது. மையத்தின் மேலாளர் ஆவதற்கு மேலாண்மைப் பட்டம் வேண்டும். மாலை நேரப் படிப்பில் சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். போன முறை கணக்கில் வெளுத்து வாங்கியவர் தர்க்கத்தில் கோட்டை விட்டார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுதுகிறார். இதிலும் தவறினால் மேலாளர் நாற்காலி வெளியிலிருந்து வரும் யாருக்கோ போய்விடும். ஆனால் தவறான விடைகளை அடிக்கும்போதுகூட மன்னிப்புக் கேட்பதுபோல் பென்சிலை மெல்லத்தான் இழுக்கிறார்.

கணவர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்ததும் கேள்வி வாசிப்பது அவர் பொறுப்பு. ஒரு நகரத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள், விபத்து குறைந்தது, ஆகவே பாதையால்தான் குறைந்தது என்கிறார் மேயர். இதைப் பலவீனப்படுத்துவது எது? பாதை போடாத பக்கத்து நகரத்தில் விபத்து குறையவே இல்லை என்ற விடையை அக்கா குறித்தார்.

"அது மேயருக்குச் சாட்சி சொல்ற பதில்மா. பெட்ரோல் விலை ஏறி ரோட்டுல வண்டியே குறைஞ்சுபோச்சுன்னு இருக்கு பாரு, அதுதான் சரி."

"தெரியுதுங்க. பாவம், அந்த மனுஷன் அவ்வளவு பாடுபட்டுப் பாதை போட்டிருக்காரு. மூஞ்சிக்கு நேரா எப்படி இல்லேன்னு சொல்றது?"

"மேயர்னு ஒருத்தரே இல்லம்மா. இது கேள்வி."

"இருந்தாலும்..."

வியாழக்கிழமை கணவருக்கு விடுப்பு, சமையலும் அவரே. சாப்பாட்டு மேசையில் தேர்வுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தாமே ஒரு வாதத்தை எடுத்துவிட்டார்.

"நான் சமைக்கிற அன்னைக்கெல்லாம் நீ ரெண்டு மடங்கு சாப்பிடுற. அப்போ என் கைப்பக்குவம் அருமைன்னுதானே அர்த்தம்?"

அக்கா வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"நீங்க சமைக்கிற அன்னைக்குச் சாப்பாடு மேசைக்கு வர்றதுக்குள்ள உசிரு போயிடுதுங்க. அந்தப் பசிக்கு எதைப் போட்டாலும் உள்ள போகும்."

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் பல். "இதை... இதைத்தாம்மா ஞாயித்துக்கிழமை எழுதணும்."

தாம் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்ததுபோல் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பில் தோள் இரண்டும் குலுங்கின. அது அடங்கியதும், மனுஷன் மனசு நொந்துவிடக் கூடாதே என்று, காலித் தட்டைக் கணவர் பக்கம் நீட்டினார்.