டைட்டில் என்று ஒரு கட்டம்

கம்ப்யூட்டர் படித்தேன் என்று சொன்னால், இப்போதுள்ள பிள்ளைகள் திரையையும் விசைப்பலகையையும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டரே கிடையாது. சார் கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு பெட்டி வரைவார். உள்ளே போக ஓர் அம்புக்குறி, வெளியே வர ஓர் அம்புக்குறி. அதுதான் கம்ப்யூட்டர். மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் பெட்டியில் பாதி அழிந்துவிடும். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு படித்தோம்.

அது எண்பதுகளின் தொடக்கம். கல்கத்தாவில் பட்டம் வாங்கிய பையன்கள் எல்லாம் டீக்கடை பெஞ்சில் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். பகலில் பி.காம். சொல்லித்தரும் அந்தச் சின்னக் கல்லூரி, மாலையில் அதே பெஞ்சுகளில் எங்களை உட்காரவைத்து ஒன்பது மாத கம்ப்யூட்டர் சான்றிதழ் வகுப்பு நடத்தியது. நான் சாந்த்ராகாச்சியிலிருந்து லோக்கல் ரயிலில் ஹௌரா வந்து, பாலத்தை நடந்தே கடந்து, டிராம் பிடித்துப் போவேன்.

பொழுதுபோக்குக்காகப் படிக்கப் போகவில்லை. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. மறு ஜனவரியில் ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் பிள்ளைகளில் ஒருவர் ரயில்வேயில் சேர்ந்துவிட்டால் அதே வீட்டை அந்தப் பிள்ளை பேருக்கு மாற்றித் தருவார்கள். அப்பாவுக்கு இருந்த பிள்ளை நான் ஒருத்திதான். ரயில்வேயில் கம்ப்யூட்டருக்காகக் கார்டில் துளை போடும் வேலைக்குப் பெண்களை எடுக்கப்போகிறார்கள் என்று காலனியில் பேச்சு வந்தது. சான்றிதழ் இருந்தால் வேலை, வேலை இருந்தால் வீடு, வீடு இருந்தால் கல்கத்தா. இல்லாவிட்டால் தென்காசிப் பக்கத்தில், நான் மொத்தமே நான்கு தடவை பார்த்த ஓர் ஊர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா யூனியன்காரர். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போகும் என்று எல்லா ஆபீஸ் சுவரிலும் எழுதியிருந்த காலம். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அப்பா கேட்டுக்கு வெளியே நின்று, "கம்ப்யூட்டர் சோல்பே நா" என்று கையை உயர்த்திக் கோஷம் போடுவார். கம்ப்யூட்டர் கூடவே கூடாது. சாயங்காலம் அதே கையால் எனக்கு டிராமுக்குச் சில்லறை எடுத்துத் தருவார்.

"மத்தியானம் எதிர்ப்பு, சாயங்காலம் ஆதரவா?" என்று அம்மா கேட்டாள்.

"எதிரி வீட்டுக்குள்ள நம்ம ஆளு ஒண்ணு இருக்கட்டும்" என்றார் அப்பா.

விண்ணப்பப் படிவத்தை அப்பாதான் நிரப்பினார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். காலனியில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். படிவத்தில் 'பெயர்' என்று ஒரு கட்டம், 'டைட்டில்' என்று ஒரு கட்டம். வங்காளத்தில் டைட்டில் என்றால் குடும்பப் பெயர். குழாயடியில் புது வங்காளி மாமி, மாஷிமா யாராவது வந்தால் முதல் கேள்வியே "தோமார் டைட்டில் கி?", உன் டைட்டில் என்ன, என்பதுதான். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, அப்பா பேரின் முதலெழுத்துதான் உண்டு என்று சொன்னால் பாவமாகப் பார்ப்பார்கள். எனக்கு இது பாவாடை கட்டிய வயதிலிருந்து தெரியும். அப்பாவுக்குத் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் அந்த ஊரில் இருந்தாலும், அவர் இருந்தது தெலுங்கரும் தமிழரும் நிறைந்த ரயில்வே செக்‌ஷனில். அங்கே எல்லாரும் இனிஷியல்காரர்கள். அவருடைய வங்காளி மீன் வாங்கவும் கோஷம் போடவும் போதுமானதாக இருந்தது.

டைட்டில் என்ற கட்டத்தில் அவர் 'செல்வி' என்று ஆங்கிலத்தில் எழுதினார். ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகைகளில் பார்த்த மரியாதை. பெண்பிள்ளை பெயரை மொட்டையாக எழுதக்கூடாது என்பது அவர் கொள்கை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் படித்துப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

வகுப்பில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வேறு பெருமை எனக்கு வாய்க்கவில்லை. ப்ரோக்ராமைக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதுவோம். சார் தாள்களை வாங்கிக்கொண்டு போய் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கொடுப்பார். அங்கே ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைகளாக்கி, சனிக்கிழமை பிற்பகல் கம்ப்யூட்டரில் செலுத்துவார்கள். ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தால் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வாரம். திருத்தினால் சரியாக வந்ததா என்று தெரிய இன்னொரு வாரம். நடுவில் லோட் ஷெட்டிங் என்று மின்சாரத்தை நிறுத்தினால் அந்த வாரமும் போச்சு. ஒன்பது மாதத்தில் நான் கம்ப்யூட்டரைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது ஏழு தடவை.

கடைசிப் பயிற்சியாக, எங்கள் வகுப்பின் தேர்ச்சிப் பட்டியலையே கம்ப்யூட்டரில் அச்சடிக்கலாம் என்று சார் முடிவு செய்தார். யார் ப்ரோக்ராம் நன்றாக இருக்கிறதோ அதையே கல்லூரி எடுத்துக்கொள்ளும்; அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சான்றிதழ் எழுதுவார்கள். எங்கள் விண்ணப்பப் படிவங்களைப் பார்த்து ஆளுக்கு ஓர் அட்டை அடிப்பார்கள். என்னுடையதை எடுத்தார்கள். அதில் நான் சேர்த்திருந்த ஒரு வரி சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. டைட்டில் காலியாக உள்ள அட்டை வந்தால், அரைகுறை அட்டை என்று பட்டியலிலிருந்து தள்ளிவிடு என்ற வரி. சார் வகுப்பிலேயே படித்துக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு சந்தோஷப்பட்டேன். டைட்டில் இல்லாத ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

சனிக்கிழமை ஆராய்ச்சி நிலையத்தில் பட்டியல் வந்தது. டைட்டில் வரிசைப்படி. சர்க்கார்களுக்கும் சென்களுக்கும் நடுவில், செல்வி என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒருத்தியாக நான் இருந்தேன். இனிஷியல் இல்லை. பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் சாரிடம் போய், செல்வி என்றால் குமாரி மாதிரி, அது என் பெயரே இல்லை என்றேன்.

சார் நல்ல மனிதர். துளை போடும் பெண்ணிடம் சொல்லி உடனே புது அட்டை அடிக்கவைத்தார். பெயர் கட்டத்தில் இனிஷியலும் பெயரும், டைட்டில் கட்டம் காலி. மறுபடி ஓட்டினார்கள். இந்த முறை பட்டியலில் சர்க்காருக்கு அடுத்தபடி நேராக சென் வந்தார். நான் இல்லை. கடைசித் தாளில், அரைகுறை அட்டை ஒன்று என்று அச்சாகியிருந்தது. நான் எழுதிய வரி, நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளிலேயே என்னை வெளியே தள்ளியிருந்தது.

அந்த வரியை மாற்ற வேண்டும் என்றேன். மாற்றலாம், ஆனால் நிலையத்தார் கல்லூரிக்குக் கொடுத்த கடைசி நேரம் இதுதான், அடுத்த சனிக்கிழமை நமக்கு இல்லை என்றார் சார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மின்சாரம் போனது. இருட்டில் அவர் குரல் மட்டும் வந்தது. "தாக் நா. செல்வியே இருக்கட்டும். அதை வைத்தாலாவது நீ பாஸ்."

செல்வியை எடுத்தால் நான் இல்லை, வைத்தால் நான் வேறொருத்தி. சரி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். டைட்டில் காலியாக அடித்த அந்த அட்டை என் பையிலேயே கிடந்தது. சார் அடுத்த மாதம் பம்பாயில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

ரயில்வே எழுத்துத் தேர்வில் தேறினேன். சான்றிதழ்களைச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். மகாளயத்துக்கு முந்தின நாள். அதிகாரி பள்ளிச் சான்றிதழை ஒரு பக்கமும் கல்லூரிச் சான்றிதழை மறுபக்கமும் வைத்துப் பார்த்தார். கோபக்காரர் இல்லை. "இந்த செல்வி யார்? உங்கள் அக்காவா?" என்று மெய்யாகவே கேட்டார்.

விளக்கினேன். புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவருக்குத் தேவை தாள். பதினைந்து நாளில் கல்லூரியிலிருந்து திருத்திய சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்றார். இப்போது இதைப் படிக்கும் கல்கத்தாக்காரர் யாராவது இருந்தால் உச்சுக்கொட்டியிருப்பார். துர்கா பூஜை விடுமுறை. கல்லூரி மறுநாளே மூடினால் காளி பூஜை முடிந்து, அண்ணனுக்குத் தங்கை பொட்டு வைக்கும் பாய் போன்ட்டாவும் முடிந்துதான் திறக்கும். ஊரே பந்தல் போட்டு விளக்கு வைத்து டாக் மேளம் அடித்துக்கொண்டிருந்தபோது, நானும் அப்பாவும் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். மூன்று முறை போனோம். மூன்றாம் முறை காவலாளி எங்களுக்கு லட்டு கொடுத்தார். கோர்ட்டுக்குப் போய் உறுதிமொழிப் பத்திரம் வாங்கலாம் என்றால் அதுவும் பூஜை விடுமுறையில் இருந்தது.

அப்பாவுக்கு அந்த நாட்களில் ஒரே ஆறுதல்தான். நான் அவரிடம் மிஷின் தப்புப் பண்ணிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவர் காலனி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "இருபது வருஷமா தொண்டை கிழியக் கத்துதேன், எவன் கேட்டான்? இப்ப எம்பொண்ணு சோத்துலயே கையை வச்சிட்டு பாருங்க" என்பார். யூனியன் கூட்டத்தில்கூடப் பேசினார். கைதட்டினார்களாம்.

கல்லூரி திறந்த அன்று இருவரும் போனோம். பதினைந்து நாள் முடிந்து இன்னும் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை என்று தெரிந்தேதான் போனோம். அப்பா குமாஸ்தாவிடம் தன் ரயில்வே இந்தியில் கம்ப்யூட்டரைத் திட்டத் தொடங்கினார். குமாஸ்தா பொறுமையாக எழுந்து போய், ஒரு கட்டிலிருந்து என் விண்ணப்பத்தை உருவிக்கொண்டு வந்து, எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"மிஷின் என்ன செய்யும் அண்ணா? நீங்கள் எழுதியதைத்தான் அது அடித்தது."

முத்து முத்தான எழுத்து. நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த பசை டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். படிவத்தைக் குமாஸ்தா பக்கம் நகர்த்தினார்.

"சரி, போலாம்யம்மா" என்றார்.

திருத்திய சான்றிதழ் டிசம்பரில் வந்தது. அதிகாரி அப்போதும் மரியாதையாகத்தான் பேசினார். பட்டியல் மூடிவிட்டது, அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று தெரியாது என்றார். அப்பா அதற்குப் பிறகு காலனியில் மிஷின் கதையைச் சொல்லவில்லை. யாராவது கேட்டால், "அவளுக்கு விதிச்சது அவ்வளவுதான்" என்று நகர்ந்துவிடுவார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் அவருக்குக் கைக்கடிகாரமும் மாலையும் கொடுத்தார்கள். நான் வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸ் ரயில் சாந்த்ராகாச்சியில் நிற்காது. எங்கள் காலனி ஜன்னலில் வந்து போனதைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். எங்கள் வீட்டுக் கொடியில் அதற்குள் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்து மூன்று வயது. எழுதப் படிக்கத் தெரிந்த அளவுக்குத் தமிழ், நினைக்கத் தெரிந்த மொழி வங்காளி, இனி எங்கும் தேவைப்படாத ஒரு சான்றிதழ். அழுகைகூட வரவில்லை.

கரக்பூர் தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டாள். அப்பா வெகு நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இந்த ஊர்ல டைட்டில்னா என்னம்மா அர்த்தம்?"

"ஒண்ணுமில்லப்பா. மரியாதைக்குப் போடுறதுதான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு இன்னும் பதினாறு வருஷம் இருந்தார். பாங்கிலோ ஆஸ்பத்திரியிலோ எந்தப் படிவம் கொடுத்தாலும், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என்னிடம் நீட்டிவிடுவார்.