அவளுக்குக் கேட்ட மருந்து

கழக்கூட்டம் பகுதியில் எங்கள் அலுவலகத்துக்கு அடுத்த தெருவிலேயே மகப்பேறு மருத்துவர் இருக்கிறார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களே என்று பயந்து, நகரின் மறுகோடியில் தம்பானூர் பக்கம் வேறொரு மருத்துவரைத் தேடிப் போனேன். அங்கே காத்திருக்கும் அறையில் எங்கள் டீம் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவளும் அதே பயத்தில்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

அவள் எல்லைப் பக்கத்துப் பாறசாலைக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். என்னைவிட நான்கு வயது சின்னவள். அவளுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம், எனக்கு ஐந்து. இருவருக்கும் பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. எனக்கு மோவாயில் முடி, அவளுக்குக் கழுத்தில் கறுப்பு, மாதவிடாய் இருவருக்குமே நினைத்தபோது வரும். மருத்துவர் முதலில் மெட்ஃபார்மின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் கேன்டீன் மூலையில் உட்கார்ந்து சேர்ந்தே விழுங்குவோம்.

"அக்கா, எனக்கு வயிறு புரட்டிட்டே இருக்கு. உங்களுக்கோ?"

"காலையில இருந்து மூணு தடவை போயாச்சு."

"அப்ப நீங்கதான் ஜெயிச்சீங்க" என்பாள்.

மீட்டிங் நடுவில் ஒருத்தி எழுந்து ஓடினால் இன்னொருத்தி சமாளிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த ஒரே தோழி அவள்தான். ஒரு சனிக்கிழமை பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைக்கப் போகிறேன் என்றதும், "எனக்கும் சேத்து ஒண்ணு உடைச்சிருங்கக்கா, பாஸ்டர்ட்ட சொல்லாண்டாம்" என்று கண்ணடித்தாள். இரண்டு உடைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, கருமுட்டை வளர்வதற்கான லெட்ரோசோல் மாத்திரையையும் சேர்த்தார்கள். ஐந்து நாள் சாப்பிட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போனேன். மருத்துவர் திரையைப் பார்த்தபடியே, "இந்த மாசம் ஒண்ணும் வளரல்ல. அடுத்த தடவை டோஸ் கூட்டாம்" என்றார். அவளுக்கு ஒன்று நன்றாக வளர்ந்திருந்தது. பரவாயில்லை, அதனாலேயே குழந்தை வந்துவிடுமா என்று சொல்லிக்கொண்டேன். வந்துவிட்டது.

அலுவலகப் படிக்கட்டில் என் கையைப் பிடித்துச் சொன்னாள். "அக்கா, ரெண்டு கோடு விழுந்துருக்கு. அவருக்குப் பெறகு உங்ககிட்டதான் சொல்லுறேன். மூணு மாசம் ஆகட்டும், அதுவரை யாருட்டயும் சொல்லாதீங்க, கேட்டீங்களா?"

கட்டிப்பிடித்தேன். கண்ணீர்கூட வந்தது. அவள் அதை சந்தோஷம் என்று நினைத்திருப்பாள்.

தினமும் ஒரு மணி நேரம் நடந்தவள் நான். ராத்திரிச் சோற்றை விட்டவள் நான். அவளோ ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரையையே மறந்துவிடுவாள், வாரம் இரண்டு தடவை பொரோட்டா தின்பாள். ஐந்து வருஷம் காத்திருந்த என்னைத் தாண்டி ஒன்றரை வருஷக்காரி எப்படிப் போகலாம்? கணபதி என் தேங்காயை அவள் கணக்கில் எடுத்துக்கொண்டார் என்றுகூடத் தோன்றியது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தோன்றியது.

கணவரிடம் சொன்னேன். "நல்ல விஷயம்தானே? மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

"யாருக்கு வேலை செய்யுது?" என்றேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

அடுத்த மாதம் டோஸ் கூட்டியதில் எனக்கும் ஒரு முட்டை வளர்ந்தது. கரு தங்கியிருக்குமோ என்று அடுத்த பதினைந்து நாளும் படியில்கூட மெதுவாக ஏறினேன். ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மாதவிடாய் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்று மதியம் டீமில் ஒருத்தி வீட்டிலிருந்து அன்னாசி நறுக்கிக் கொண்டுவந்திருந்தாள். டப்பா கைமாறிக் கைமாறி என் தோழியிடம் வந்தபோது நான் சொன்னேன்: "அவளுக்குக் கொடுக்காதீங்க. அவ இப்ப சாப்பிடக் கூடாது."

மேசையில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒரே கூச்சல், வாழ்த்து, தோளைத் தட்டல். அவள் எல்லோருக்கும் சிரித்தாள். என்னை மட்டும் பார்க்கவில்லை.

வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் கணவரிடம்கூடச் சொன்னேன். தவறி வரவில்லை. டப்பா நாலு பேர் தள்ளி இருக்கும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் தயார் செய்துவிட்டேன்.

கை கழுவுமிடத்தில் அவள் சொன்னாள்: "எனக்க அம்மைக்கே இன்னும் தெரியாது அக்கா."

"சாரி" என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் வேறு மேசையில் சாப்பிட்டாள். நான் மாத்திரையைத் தனியாக விழுங்கினேன். முதலில் அவள்மேலேயே கோபப்பட்டேன், எல்லாம் கிடைத்தவளுக்கு இதுகூடப் பொறுக்காதா என்று. மூன்று வாரம் அப்படி ஓடியது. ஒரு நாள் அவள் வாந்தியெடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி கழிப்பறையிலிருந்து வருவதைப் பார்த்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக் குடித்தாள்.

"அன்னைக்கு வாய் தவறிச் சொல்லல" என்றேன். "பொறாமையிலதான் சொன்னேன். அன்னைக்குக் காலையிலதான் எனக்கு வந்துச்சு."

"பொறாமை இருக்கும்னு தெரியும். உங்க எடத்துல இருந்தா எனக்கும் இருந்திருக்கும்." பாட்டிலை மூடித் திருப்பித் தந்தாள். "ஆனா நீங்க சொல்லுவீங்கன்னு நெனக்கல்ல." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, போட்டு, விடுங்கக்கா" என்றாள்.

போட்டு என்றாளே தவிர, பழைய மேசைக்கு அவள் திரும்பவில்லை. பார்த்தால் பேசுவோம். பிரசவ விடுப்பில் போனபோது என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பெண் குழந்தை. நாற்பது நாள் ஆனதும் கணவரும் நானும் பாறசாலைக்குப் போனோம். போகும் வழியெல்லாம், ரயில் தாமதமாகித் திரும்பிவிட நேர்ந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டே போனேன். அவள் குழந்தையைத் தூக்கி என் கையில் தந்தாள். அவள் சாயலே இல்லை என்று பார்த்தவுடன் எனக்குள் ஒரு அற்பத் திருப்தி. பொறாமை எங்கும் போய்விடவில்லை. குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை. அது சிணுங்கும்வரை வைத்திருந்தேன்.

"மருந்து நிறுத்தல்லியே அக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. அடுத்த மாசத்துல இருந்து ஊசியாம்."

"வயித்துலயா? வலிக்குமோ?"

"தெரியல" என்றேன். "முதல் ஊசி போட்டதும் உனக்கு ஃபோன் பண்ணுறேன்."