முதலில் கையைப் பார்

வலித் தைலத்தின் காட்டமும், துப்பாக்கி துடைக்கிற எண்ணெயின் லேசான மண்ணெண்ணெய் வாடையும், சட்டையிலேயே காய்ந்துபோன வியர்வையின் உப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி மணக்கும் என்று கேட்டால் பலர் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அது அப்பாவின் வாசனை. கண்ணைக் கட்டிவிட்டு ஆண்கள் கூட்டத்தின் நடுவே நிறுத்தினாலும் அவரை மோப்பம் பிடித்துவிடுவேன் என்று சின்ன வயதில் தோழிகளிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் ஏறக்குறைய அப்படியே அவரைக் கண்டுபிடிக்கவும் செய்தேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அப்பா தீவிரவாதிகளை எதிர்கொள்வதற்கென்றே அமைக்கப்பட்ட சிறப்புப் படையில் இருந்தார். அதற்கு முறையான, நீளமான பெயர் ஒன்று உண்டு. தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில் அதை யாரும் சொன்னதில்லை, 'கமாண்டோ லைன்' என்றால் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாருக்கும் புரியும். அந்தக் காலத்தில் பயிற்சி என்றால் உடம்பைப் போட்டு வதைப்பது, வேறொன்றுமில்லை. விடிவதற்குள் பூட்ஸ் போட்டு, முதுகில் 'மண்ணு மூட்டை'யைக் கட்டிக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டோரமாகவே திரிசூலம் மலை வரைக்கும் ஓடுவார்கள். மூட்டையை அவரவர் வீட்டில்தான் தைத்துக்கொள்ள வேண்டும். பழைய காக்கி பேண்டின் காலை வெட்டி அம்மா தைத்துக் கொடுத்தது அடிக்கடி தையல் விட்டுப்போய், வாசலிலிருந்து அப்பா படுத்திருக்கும் இடம் வரை மணல் கோடு போட்டிருக்கும். ஓட்டத்தின் நடுவில் தண்ணீர் கேட்டவன் இன்னொரு சுற்று ஓட வேண்டும். வடக்கே போய்க் கற்றுக்கொண்டு வந்த பழக்கத்தில் பயிற்சியாளரை 'உஸ்தாத்' என்பார்கள். உஸ்தாத் சொல்லிவிட்டால் மாடியிலிருந்து கயிற்றில் சறுக்கி இறங்க வேண்டும், ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்க வேண்டும், எல்லாமே பூட்ஸோடு, சிமெண்ட் தரையில். மனிதனுக்கு முட்டி என்று ஒன்று இருப்பதே யாருக்கும் ஞாபகமில்லை. இன்று அந்த முட்டிகளுக்கு வைத்தியம் பார்த்துப் பிழைக்கிற எனக்கு இதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

"உங்கப்பா உடம்பு கவர்மெண்டோடது. லீவு விட்டா நமக்கு வாடகைக்கு அனுப்புறாங்க" என்று அம்மா சொல்லுவாள். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள், ஆனால் அது வேடிக்கை இல்லை என்று எங்களுக்குத் தெரியும்.

பல்லாவரத்துப் பக்கம் மூடிக் கிடந்த தோல் கம்பெனி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் படைக்கு அங்கேதான் ஒத்திகை. யாரோ சிலரைப் பிடித்து வைத்திருப்பது போலவும், படை உள்ளே புகுந்து மீட்பது போலவும் நடத்துவார்கள். மீட்கப்படுவதற்கு ஆள் வேண்டுமே, அதற்குக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்களுக்கு 'ஹாஸ்டேஜ் பசங்க' என்று பெயர். இன்று இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் திடுக்கிடுகிறார்கள். அன்று அது எங்களுக்குக் கிடைத்த சுற்றுலா. ஆளுக்கொரு கிரீம் பன், ஒரு பன்னீர் சோடா. மெஸ்ஸில் சமைக்கிற வேலு அண்ணன்தான் எப்போதும் தீவிரவாதி. அவரைவிட சாதுவான மனிதரை நான் பார்த்ததில்லை.

"இன்னா பாப்பா, பயமா கீதா? சும்மா படுத்துக்கினு இரு. கொஞ்ச நேரத்துல பூடும், அப்பால பன்னு துன்னலாம்" என்று சொல்லிவிட்டு, எங்கள் வாயில் கைக்குட்டையைக் கட்டிவிடுவார்.

சட்டங்கள் சுலபமானவை. கதவு திறந்ததும் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. முக்கியமாக, யாரையும் நோக்கி ஓடக் கூடாது; ஓடி வருவது பிணைக்கைதியா, பிணைக்கைதி வேஷம் போட்ட எதிரியா என்று உள்ளே வருகிறவருக்குத் தெரியாது. துப்பாக்கிகளில் தோட்டா இருக்காது. விசையை இழுத்தால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்கும். சுடப்பட்டவரின் மணிக்கட்டில் நடுவர் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டிவிடுவார், அதற்குப் பிறகு அவர் செத்தவர், ஆட்டம் முடியும்வரை சுவரோரமாக உட்கார வேண்டியதுதான்.

நான் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் பல மாதங்களாக நான் அப்பாவைப் பார்க்கவில்லை. வடக்கே ஏதோ நீண்ட பயிற்சிக்குப் போயிருந்தார். அன்று காலை ரயிலை விட்டு இறங்கியவரை வீட்டுக்குக்கூட விடாமல் நேராக ஒத்திகைக்கு அழைத்துப் போய்விட்டார்கள் என்பது பிற்பாடு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளே நான் இருப்பது அவருக்கும் தெரியாது.

கதவு உடைபட்டது போன்ற சத்தத்தோடு திறந்தது. கறுப்பு முகமூடிகள் போட்ட உருவங்கள் உள்ளே வந்தன. அந்த அறையில் எத்தனையோ வருஷத்துத் தோல் நாற்றம் ஊறிக் கிடந்தது. அதையும் மீறிக்கொண்டு தைலமும் எண்ணெயும் உப்பும் என் மூக்கில் ஏறின. சட்டமெல்லாம் மறந்து போயிற்று. எழுந்து, வாசனை வந்த திசையில் ஓடினேன். கூப்பிட்டிருப்பேன், வாயில் துணி. கையில், துணி கட்டுவதற்கு முன் பாதி குடித்திருந்த சோடா பாட்டில் இருந்தது, அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. முன்னால் நின்ற உருவம் திரும்பியது. முகமூடியின் ஓட்டை வழியே இரண்டு கண்கள் தெரிந்தன.

'டக்.'

அவர் நிற்கவில்லை. நிற்கக் கூடாது என்பதுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. என்னைச் சுற்றிக்கொண்டு அடுத்த அறைக்குள் போய்விட்டார். நடுவர் வந்து என் மணிக்கட்டில் ரிப்பன் கட்டினார். சுவரோரமாக ஏற்கெனவே செத்துப்போயிருந்த வேலு அண்ணன் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, வாய்த் துணியை அவிழ்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து வேர்க்கடலையை எடுத்து என் கையில் கொட்டினார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபோது விரலை உதட்டில் வைத்துக்கொண்டார்.

"செத்தவங்க பேசக்கூடாது பாப்பா. ஆனா துன்னலாம், அதுக்கு ரூலு ஒண்ணும் இல்ல."

கடலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. குளிராக இருந்தது, அது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்தார். அம்மா ஒன்றும் அறியாமல் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து வரும்போதெல்லாம் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுகிறவர், அன்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பனை நான் கழற்றியிருக்கவில்லை. இருட்டிலும் துப்பாக்கியைப் பிரித்து மாட்டத் தெரிந்த அந்த விரல்களுக்கு அந்தச் சின்ன முடிச்சை அவிழ்க்க வரவில்லை. கடைசியில் பல்லால் கடித்து அறுத்தார். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போவது நின்றுவிட்டது.

கொஞ்ச நாளில் அப்பா முன்னணிப் பிரிவிலிருந்து விலகி, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போய்விட்டார். "முட்டி போயிடுச்சு" என்று வீட்டில் சொன்னார்கள். நானும் நம்பினேன். தினமும் சாயங்காலம் அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டது நான்தான்; இந்த முட்டிகளை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற வெறியில்தான் பிசியோதெரபி படித்தேன். அவரிடம் வேறொரு மாற்றமும் வந்திருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர்களானாலும், முதலில் அவர்கள் கையைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தை. என்னையும் அப்படித்தான். நானும் யாரும் சொல்லாமலே, வாசலில் பையைக் கீழே வைத்து, இரண்டு கையையும் அவர் பார்க்கும்படி வைத்துக்கொண்டு உள்ளே போகப் பழகிவிட்டேன். அவரை நோக்கி ஓடியது மட்டும் அதற்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அன்று அவர் பார்த்தது ஒரு பாட்டிலோடு ஓடி வந்த யாரோ ஒரு உருவத்தையா, என்னையா? பேனா மூடியை யாராவது 'டக்'கென்று அழுத்தினால், சுவிட்சைப் போட்டால், இந்த வயதிலும் அந்தக் கேள்வி எழுந்து வந்து நிற்கிறது. கேட்கப் பயமாக இருந்தது. தெரியவில்லை என்று அவர் சொன்னால் நான் நம்பமாட்டேன். தெரிந்தது என்று சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

போன மாதம் குரோம்பேட்டையில் இருக்கும் என் கிளினிக்குக்கு ஓர் இளைஞன் முட்டி வலியோடு வந்தான். சேலையூர்ப் பையன், லீவில் வந்தவன், அப்பா இருந்த அதே படை. என் அப்பா யார் என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இப்போதைய பயிற்சி எப்படி என்று சும்மா கேட்டுவைத்தேன், முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டே.

"முன்ன மாதிரி இல்லக்கா. எங்களுக்குன்னே டாக்டர், டயட்டுக்குத் தனி ஆளு. கையில வாட்ச் கட்டி விட்ருக்காங்க, நைட் சரியா தூங்கலன்னா அதுல காட்டிக் குடுத்துடும், அன்னிக்கு சுடற ரேஞ்சுக்கே விடமாட்டாங்க. தண்ணி குடிக்கலன்னாதான் இப்ப திட்டு" என்று சிரித்தான். மூச்சிரைக்க ஓடவைத்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்போதே திரையில் ஓர் ஆளைக் காட்டுவார்களாம். அவன் கையில் இருப்பது துப்பாக்கியா செல்ஃபோனா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். சுடாமல் விட்டதற்கும் மார்க் உண்டாம். ஒத்திகைக்கு, நகர்த்தி நகர்த்தி மாற்றிப் போடுகிற சுவர்கள் கொண்ட தனிக் கட்டடம். பிணைக்கைதிகளாக ரப்பர் பொம்மைகள்.

"குழந்தைங்கள வச்சு செய்யறதில்லையா?" என்றேன்.

"ஐயோ, அது அந்தக் காலம். அதுல ஒரு கதை இருக்குக்கா. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் நாளே சொல்லிடுவாங்க. ஒரு சார் ஒத்திகையில சொந்தப் பொண்ணையே சுட்டுட்டாராம். பொண்ணுன்னு தெரிஞ்சேதான். மூஞ்சி தெரிஞ்சிச்சாம், ஆனா அதுக்குள்ள விரல் இழுத்துடுச்சாம். அந்த அளவுக்குப் பழக்கி வச்சிருந்தாங்க. மறுநாளே துப்பாக்கிய ஒப்படைச்சுட்டு, டீச்சிங்குக்குப் போடுங்கன்னு கேட்டாராம். முட்டி சரியில்லன்னு அவரே எழுதிக் குடுத்தாராம், டாக்டர் ஃபிட்டுன்னு சொல்லியும் கேக்கலையாம். ரிட்டயர் ஆகற வரைக்கும் அவரே இதை சொல்லுவாராம். முதல்ல கையைப் பாரு, அப்புறம் மூஞ்சியப் பாரு, ரெண்டும் பாக்கற வரைக்கும் விரலை டிரிகருக்கு வெளிய வைன்னு."

"அந்தப் பொண்ணு?"

"செத்துப்போச்சுக்கா. துப்பாக்கியில ஒரு தோட்டா தங்கிடுச்சாம்."

என் இரண்டு கைகளும் அவன் முட்டியின்மேல் இருந்தன. சுவரோரம் உட்கார்ந்து கடலை மென்ற அந்தக் குளிர் எங்கிருந்தோ வந்து முதுகில் ஏறியது. அந்தப் பயிற்சிப் பள்ளியில் நான் செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. வருஷாவருஷம் புதுப் பையன்களுக்கு முன்னால் மறுபடியும் சாகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். செத்தவர்கள் பேசக்கூடாது. இன்னும் ஒரு வாரம் ஓட வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் அப்பாவுக்குப் பிடித்த பனங்கிழங்கு வாங்கிக்கொண்டு, அவரும் அம்மாவும் இப்போது இருக்கும் மாடம்பாக்கத்துக்குக் கிளம்பினேன். வழியில் அந்தத் தோல் கம்பெனி இருந்த இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள், பால்கனி தோறும் காயப்போட்ட பள்ளிக்கூட யூனிஃபார்ம்கள், கீழே சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள். குவார்ட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். வேலு அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். மண் மூட்டையை யாரும் தைப்பதில்லை. வாசனைகூடப் போய்விட்டது, நான் வாங்கித் தருகிற களிம்புக்கு மணமே கிடையாது.

அப்பா வழக்கம்போல வாசல் கேட்டைப் பார்த்தபடி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அம்மா குக்கரை இறக்கும் சத்தம் கேட்டது. நான் கேட்டுக்குள் நுழைந்ததும் பையைக் கீழே வைத்தேன்.

"எதுக்கும்மா பையை அங்க வைக்கிற? நீதான்னு தெரியுது" என்றார்.

"அன்னிக்கும் தெரிஞ்சுதாப்பா?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"தெரிஞ்சுது. வாயில துணி கட்டியிருந்தாங்க, ஆனா உன் கண்ணு சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு."

இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்த பதில் அதுதான். கேட்டதும் கோபம் வரவில்லை. அவர் தனியாக அதைச் சுமந்துகொண்டிருந்த காலம்தான் நினைவுக்கு வந்தது. கேட்டிலிருந்து நாற்காலிவரை சில அடி தூரம்தான். இந்த வயதில், கல்யாண வயதில் எனக்கு ஒரு பெண் இருக்கும்போது, அதை நான் ஓடிக் கடந்தேன். நான் ஓடி வருவதைப் பார்த்ததும் அப்பா தன் வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.